ஞானப்பல்லை எடுத்த பிறகு வாய்க்குள் நடப்பது என்ன?

ஞானப்பல்லை எடுத்துக்கொண்டு பல் மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறவரின் வாயில் ஒரு பஞ்சும் கையில் ஒரு தாளும் இருக்கும். துப்பக் கூடாது, கொப்பளிக்கக் கூடாது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது, சூடாக எதையும் சாப்பிடக் கூடாது, புகை பிடிக்கக் கூடாது என்று வரிசையாக விலக்குகள் நிறைந்த அந்தத் தாளில் ‘ஏன்’ என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் இருப்பதில்லை. காரணம் தெரியாத விதியை நாம் இரண்டாம் நாளே தளர்த்திக்கொள்வது வழக்கம். ஞானப்பல் விஷயத்தில் தொல்லை தொடங்குவதும் ஏறக்குறைய அந்த இரண்டாம், மூன்றாம் நாளில்தான். அந்த விலக்குகளில் பெரும்பாலானவை, பல் இருந்த குழியில் உறைந்து நிற்கும் ஒரு சிறு ரத்தக்கட்டியைக் காப்பாற்றுவதற்காகவே எழுதப்பட்டவை என்பது புரிந்துவிட்டால், தாள் தொலைந்துபோனாலும் எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள முடியும்.

முதலில் பல்லைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேலும் கீழும், இடமும் வலமுமாகப் பல்வரிசையின் கடைக்கோடியில் முளைக்கும் நான்கு கடைவாய்ப் பற்களையே ஞானப்பற்கள் என்கிறோம். மற்ற நிரந்தரப் பற்கள் ஏறத்தாழ 13 வயதுக்குள் வந்து முடிந்துவிட, இவை பொதுவாக 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகின்றன. புத்தி வருகிற வயதில் வருவதால் இந்தப் பெயர். சிலருக்கு நான்கும் வருவதில்லை, சிலருக்கு ஒன்றுகூட உருவாவதில்லை. அதை ஒரு குறையாகக் கருத வேண்டியதில்லை. கூட்டம் நிரம்பி வழியும் பேருந்தில் கடைசி நிறுத்தத்தில் ஏறுகிறவரின் நிலைதான் இந்தப் பல்லுக்கு. தாடையில் இடம் மிச்சமில்லாதபோது அது முன்னால் இருக்கும் பல்லின் மேல் சாய்ந்தோ, முழுதும் படுத்தவாக்கிலோ, எலும்புக்குள்ளேயே புதைந்தோ நின்றுவிடுகிறது.

முழுதும் புதைந்த பல் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்துவிடக்கூடும். அதிகத் தொல்லை தருவது பாதி வெளியே வந்து பாதி உள்ளே நிற்கும் கீழ்த்தாடைப் பல்தான். அதன் மேல் ஈறு ஒரு மூடியைப் போலப் படிந்திருக்கும். மூடிக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள சந்தில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் தங்கும். பல் துலக்கும் பிரஷ் அங்கே எட்டாது. சில நாட்களில் அந்த ஈறு வீங்குகிறது, வீங்கிய ஈறு மேல்தாடைப் பல்லில் கடிபட்டு மேலும் வீங்குகிறது, வாயை இரண்டு விரல் அகலத்துக்குக்கூடத் திறக்க முடியாமல் தாடை இறுகிப்போகிறது, காது வரை வலி பரவுகிறது, தாடைக்குக் கீழே நெறி கட்டுகிறது. மாத்திரை போட்டால் அடங்கும். சில மாதங்களில் மீண்டும் வரும். இப்படித் திரும்பத் திரும்ப வரும் ஈறு வீக்கமே ஞானப்பல்லை எடுக்கச் சொல்வதற்கான முதன்மையான காரணங்களில் ஒன்று. சாய்ந்த பல் முன்னால் உள்ள நல்ல பல்லின் பின்புறத்தைச் சொத்தையாக்குவது, புதைந்த பல்லைச் சுற்றி நீர்க்கட்டி உருவாகி எலும்பை அரிப்பது ஆகியவை மற்ற காரணங்கள்.

ஆனால் ஞானப்பல் என்றாலே எடுத்துவிட வேண்டும் என்பது சரியன்று. நேராக முளைத்து, எதிர்ப்பல்லோடு பொருந்தி, துலக்குவதற்கும் எட்டுகிற ஞானப்பல் மற்ற கடைவாய்ப் பற்களைப் போலவே மென்று கொடுக்கும். எந்த நோயும் இல்லாமல் புதைந்திருக்கும் பல்லை முன்னெச்சரிக்கை என்ற பெயரில் எடுக்க வேண்டாம் என்று இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவைக்கு வழிகாட்டும் நைஸ் அமைப்பு 2000ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. வேறு சில நாடுகளில் மருத்துவர்கள் இளம் வயதிலேயே எடுத்துவிடுவதை விரும்புகிறார்கள். வயது ஏற ஏற எலும்பு இறுகி, வேர் முற்றி, ஆறுவதும் தாமதமாகிறது என்பது அவர்களுடைய வாதம், அதுவும் உண்மையே. எனவே, “எதற்காக எடுக்கிறோம், எடுக்காவிட்டால் என்ன ஆகும்” என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. முன்பற்கள் கோணலாவது ஞானப்பல் தள்ளுவதால்தான் என்று மட்டும் யாராவது காரணம் சொன்னால் சற்று யோசிக்கலாம். அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது.

நம் ஊரில் இன்னொரு பயமும் உண்டு. மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்று எத்தனையோ பேர் சொத்தைப் பல்லை ஆண்டுக்கணக்கில் வாயில் வைத்துக்கொண்டு வலியோடு வாழ்கிறார்கள். பார்வைக்கான நரம்பு கண்ணின் பின்புறத்திலிருந்து நேராக மூளைக்குப் போகிறது. மேல்பற்களுக்கு உணர்வு தருவது முகத்துக்கு வரும் முற்றிலும் வேறொரு நரம்பின் கிளை. பல்லை எடுப்பதால் முதல் நரம்புக்கு எந்தச் சேதமும் வருவதில்லை. முறையாக எடுக்கப்படும் பல்லைவிட, எடுக்கப்படாமல் சீழ் பிடித்து நிற்கும் பல்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் ஆபத்தானது.

நாற்காலியில் சாய்ந்த பிறகு

போவதற்கு முன் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டியவை சில உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்ல வேண்டும். ஆனால் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது, ஏனெனில் பல் குழியில் கசியும் ரத்தத்தைக் கட்டுப்படுத்த வழி உண்டு, இதயத்திலோ மூளையிலோ ஏற்படும் அடைப்பு அப்படிப்பட்டதன்று. சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, கருவுற்றிருப்பது, எலும்புத் தேய்மானத்துக்காகப் போடும் ஊசி அல்லது மாத்திரை ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். கடைசியில் சொன்ன மருந்துகளில் சில, பல் எடுத்த பின் தாடை எலும்பு ஆறாமல் போவதற்குக் காரணமாகக்கூடும். பகுதி மயக்க ஊசியில் எடுப்பதாக இருந்தால் வயிறு காலியாகப் போகாமல் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. முழு மயக்கம் என்றால் அதற்கு நேர்மாறாக, சொன்ன மணிநேரம் பட்டினி இருக்க வேண்டும்.

தாடை முழுவதும் தெரியும் அகலமான எக்ஸ்ரேயை முதலில் எடுப்பார்கள். கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குழாயில் ஓடும் நரம்பு கீழுதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வைக் கொண்டுபோகிறது. ஞானப்பல்லின் வேர் அந்தக் குழாய்க்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைப் பார்ப்பது இந்த எக்ஸ்ரேயின் முக்கியமான நோக்கங்களில் ஒன்று. மிக நெருக்கமாகத் தெரிந்தால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சில வேளைகளில் வேரை அப்படியே விட்டுவிட்டுப் பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுப்பதும் உண்டு.

பிறகு மரத்துப்போவதற்கான ஊசி. பெரும்பாலும் லிக்னோகெய்ன், அதாவது ஸ்வீடனில் 1943இல் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து. ரத்தக் குழாய்களைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே தங்கவைக்க அதனுடன் சிறிது அட்ரினலின் சேர்த்திருப்பதால் ஊசி போட்டதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். பயந்துவிட வேண்டாம், சில நிமிடங்களில் அடங்கிவிடும். ஊசிக்கு முந்தைய காலத்தை நினைத்தால் இதெல்லாம் சொகுசு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் ஹொரேஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 டிசம்பர் 11ஆம் தேதி ‘சிரிப்பு வாயு’வை முகர்ந்துகொண்டு தன் கடைவாய்ப் பல்லையே சக மருத்துவர் ஒருவரைக் கொண்டு எடுக்கச் செய்தார், மயக்க மருந்தின் வரலாறு அதிலிருந்து தொடங்குவதாகச் சொல்பவர்கள் உண்டு.

ஊசி வலியை நிறுத்துமே தவிர அழுத்தத்தை நிறுத்தாது என்பதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஈற்றைக் கீறி விலக்கி, பல்லை மறைக்கும் எலும்பைச் சிறிது தேய்த்து, பல்லை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி, நெம்பி, துண்டு துண்டாக எடுக்கிறார்கள். என் இடப்பக்கக் கீழ்ப்பல்லை எடுத்தபோது வலி என்று சொல்லும்படி எதுவுமில்லை. ஆனால் பல் இரண்டாகப் பிளந்த ஓசை காதின் வழியாக வராமல் தாடை எலும்பின் வழியாகவே உள்ளே கேட்டது, காய்ந்த விறகை யாரோ தலைக்குள் ஒடித்தது போல. யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். சொல்லியிருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். இறுதியில் இரண்டு மூன்று தையல் போடுவார்கள்; கறுப்புப் பட்டு நூலாக இருந்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பிரிக்க வேண்டும், தானே கரையும் நூலும் உண்டு.

ரத்தக்கட்டி செய்யும் வேலை

பல் எடுத்ததும் எலும்பில் ஒரு குழி எஞ்சுகிறது. அதில் ரத்தம் நிறைந்து, சில நிமிடங்களில் உறைந்து, கருஞ்சிவப்பான ஒரு கட்டியாகிறது. பார்ப்பதற்குக் கழிவு போலத் தோன்றினாலும் அதற்கு மூன்று வேலைகள்: கசிவை அடைக்கிறது; குழியின் சுவரிலுள்ள எலும்பையும் நரம்பு முனைகளையும் காற்று, எச்சில், உணவு ஆகியவை தொடாதபடி மூடுகிறது; சுற்றியுள்ள திசுக்களிலிருந்து புதிய ரத்தக் குழாய்களும் செல்களும் ஏறி வருவதற்குச் சாரமாக நிற்கிறது. வீடு கட்டும்போது நிறுத்துகிற சவுக்குச் சாரத்தைப் போல, வேலை முடியும் வரை அது அசையக் கூடாது.

இப்போது அந்தத் தாளில் உள்ள விலக்குகளை மீண்டும் படித்துப் பார்க்கலாம். பஞ்சை முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அழுத்திக் கடிக்கச் சொல்வது, அழுத்தத்தில் ரத்தம் நிற்பதற்காக. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் பஞ்சோடு கட்டியும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். துப்புவதும் உறிஞ்சுவதும் வாய்க்குள் வெற்றிடத்தை உண்டாக்கிக் கட்டியை இழுக்கின்றன. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அன்போடு வாங்கி வரும் இளநீர் நல்ல பானம்தான், அதில் செருகியிருக்கும் ஸ்ட்ராதான் ஆகாது. டம்ளரில் ஊற்றிக் குடிக்கலாம். எச்சில் சேர்ந்தால் விழுங்கிவிடலாம், அல்லது குனிந்து தானாக வழிய விடலாம். எச்சிலில் சிறிது ரத்தம் கலந்தாலே வாய் முழுவதும் ரத்தமாகத் தெரியும் என்பதால் முதல் நாள் இளஞ்சிவப்பு எச்சிலைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. பஞ்சை எடுத்த பின்னும் ரத்தம் பெருகினால், புதிய பஞ்சையோ சுத்தமான துணியையோ மடித்துக் குழியின் மேல் வைத்து, இன்னும் அரை மணி நேரம் பேசாமல் கடித்தபடி நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

மரப்பு மூன்று முதல் ஐந்து மணி நேரம் இருக்கும். அதற்குள் சூடாகக் குடித்தால் உதடு வெந்தாலும் தெரியாது, உள்கன்னத்தைக் கடித்தாலும் தெரியாது. மரப்பு விலகும் முன்பே, எழுதிக் கொடுத்த வலி மாத்திரையின் முதல் வேளையைப் போட்டுக்கொள்வது நல்ல உத்தி. வலி ஏறிய பிறகு இறக்குவதைவிட, ஏறாமல் பார்த்துக்கொள்வது எளிது. ஐபுபுரூஃபெனும் பாராசிட்டமாலும் சேர்ந்தால் இவற்றைத் தனித்தனியே போடுவதைவிட இந்த வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஐபுபுரூஃபென் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. வலிக்காகத் தாமாகவே ஆஸ்பிரின் போடுவது ரத்தக் கசிவைக் கூட்டும். மாத்திரையை ஈறின் மேலேயே வைத்து அடக்கிக்கொள்ளும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அது வலியைத் தணிக்காமல் ஈறைத்தான் வெள்ளையாக வேகவைக்கும். கிருமிக்கொல்லி மாத்திரை எல்லாருக்கும் கட்டாயமில்லை; எழுதிக் கொடுத்திருந்தால் பாதியில் நிறுத்தாமல் முடிக்க வேண்டும்.

வீக்கம் பற்றி ஒரு விஷயம் தெரியாமல் பலர் பயந்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் கன்னம் முதல் நாளைவிடப் பெரிதாக இருக்கும். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் அது உச்சத்தைத் தொட்டுப் பிறகு வடியத் தொடங்கும். முதல் நாளில் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கன்னத்தின் வெளிப்பக்கம் பத்து இருபது நிமிடம் வைத்து எடுத்து, இடைவெளி விட்டு மீண்டும் வைப்பது உதவும். கன்னம் வீங்கினால் உப்பை வறுத்து ஒத்தடம் கொடுப்பது நம் வீட்டுப் பெரியவர்களின் அனிச்சைச் செயல். முதல் நாளில் அந்தச் சூடு ரத்தக் குழாய்களை விரித்து வீக்கத்தையும் கசிவையும் கூட்டும் என்பதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லத்தான் வேண்டும். தலையணையைச் சற்று உயர்த்திப் படுக்கலாம். கன்னம் நீலமாகவும் பின்னர் மஞ்சளாகவும் கன்றிப்போனாலும், வாய் ஒன்றிரண்டு வாரம் முழுதாகத் திறக்காமல் போனாலும் அவை தாமே சரியாகும்.

24 மணி நேரம் கழிந்த பிறகு, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்து, சாப்பிட்ட பின் ஒவ்வொரு முறையும் வாயில் விட்டுக்கொள்ளலாம். ‘கொப்பளிப்பது’ என்ற சொல்லே இங்கே தவறான எண்ணத்தைத் தருகிறது. கன்னத்தை உப்பி ஓசையெழக் குலுக்காமல், தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்த்து நீர் தானாக ஓடவிட்டு, வாயைத் திறந்து கீழே விழவிட வேண்டும். மற்ற பற்களை முதல் நாளிலிருந்தே மெதுவாகத் துலக்கலாம். மேல்தாடைப் பல்லை எடுத்தவர்கள் சில நாட்கள் மூக்கை அழுத்திச் சிந்தக் கூடாது, தும்மலையும் வாயைத் திறந்தே விட வேண்டும். அந்த வேர்களுக்கு மேலே மெல்லிய எலும்பைத் தாண்டினால் மூக்கோடு இணைந்த காற்றறை இருக்கிறது.

சாப்பாட்டில் ஐஸ்கிரீம் மட்டுமே நினைவில் நிற்கிறது. குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் மருத்துவர் சொன்னதிலேயே பிடித்த வரி அதுதான். குச்சியும் கூம்பும் வேண்டாம், கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் சாப்பிடலாம். ஆறிய ரவைக் கஞ்சி, கேழ்வரகுக் கூழ், பாலில் ஊறிய இடியாப்பம், குழைய வடித்த பருப்புச் சாதம் எல்லாம் ஏற்றவை. தயிர்ச்சாதம் மிக நல்லது, ஆனால் தாளிக்காதது. நான்காம் நாள் தேறிவிட்டோம் என்று தாளித்த தயிர்ச்சாதத்தைச் சாப்பிட்டு, ஒரு கடுகு குழிக்குள் போய் உட்கார்ந்து, மூன்று வேளை உப்பு நீருக்கும் அசையாமல் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன். முறுக்கு, நிலக்கடலை, காரமான ஊறுகாய் எல்லாம் சில வாரங்கள் காத்திருக்கட்டும்.

கட்டி பெயர்ந்துவிட்டால்

வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வர வேண்டும். குறைந்து வந்த வலி மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று ஏறி, காதுக்கும் நெற்றிப் பொட்டுக்கும் பரவி, மாத்திரைக்குக் கட்டுப்படாமல், வாயில் கெட்ட வாடையும் சேர்ந்தால் கட்டி பெயர்ந்தோ கரைந்தோ போய் எலும்பு திறந்து கிடக்கிறது என்று பொருள். இதை மருத்துவர்கள் ‘டிரை சாக்கெட்’ என்பார்கள்; உலர்ந்த குழி. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை ஞானப்பல்லில் இது அதிகம், புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் அதிகம். பீடியும் சிகரெட்டும் உறிஞ்சும் விசையால் மட்டுமல்லாமல், ரத்தக் குழாய்களைச் சுருக்குவதாலும் கெடுக்கின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். இது உயிருக்கு ஆபத்தானதன்று, ஆனால் வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்க வேண்டியதும் அன்று. மருத்துவர் குழியைக் கழுவி, கிராம்பு எண்ணெயின் மணம் வீசும் மருந்தை உள்ளே வைத்தால் பலருக்குச் சிறிது நேரத்திலேயே வலி தணியும். கிராம்பு எண்ணெயை நாமே பஞ்சில் நனைத்துத் திறந்த குழிக்குள் திணிப்பது வேறு. அது திசுவைப் பொசுக்கும்.

மறுநாளும் கீழுதடோ, முகவாயோ, நாக்கின் ஒரு பக்கமோ மரத்தே இருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நரம்பு அழுந்தியதால் வரும் இந்த மரப்பு பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் திரும்பிவிடும். நிரந்தரமாக நிற்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

உண்மையில் ஓட வேண்டிய நிலை வேறொன்று. மூன்று நாளுக்குப் பிறகும் வீக்கம் ஏறிக்கொண்டே போவது, காய்ச்சல், சீழ், தாடைக்குக் கீழே கழுத்துப் பக்கம் கல்லைப் போல இறுகுவது, விழுங்க முடியாமல் எச்சில் வழிவது, நாக்கு மேலெழும்புவது, மூச்சுத் திணறுவது. கீழ்க் கடைவாய்ப் பற்களின் வேர்கள் வாயின் அடித்தளத்துக்கும் கீழே இறங்கி நிற்பதால் அங்குள்ள சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை நெருக்கக்கூடும். அந்த நேரத்தில் பல் மருத்துவரின் முன்பதிவுக்குக் காத்திராமல், அவசரப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும்.

இவை எதுவும் வராமல்தான் பெரும்பாலோர் தேறுகிறார்கள். இரண்டு மூன்று நாளில் அலுவலக வேலைக்குத் திரும்பலாம். எடை தூக்குவதும் ஓட்டமும் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்துப் போதும். குழிக்குள் சில நாட்களில் படியும் வெண்மஞ்சள் படலத்தைச் சீழ் என்று நினைத்துக் குச்சியால் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வலியும் வாடையும் இல்லாவிட்டால் அது ஆறும் திசுவே, கை வைக்கக் கூடாது. ஈறு மூட மூன்று நான்கு வாரம் ஆகும், அதுவரை பருக்கைகள் குழியில் தங்கிக்கொண்டுதான் இருக்கும். ஒரு வாரத்துக்குப் பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் உப்பு நீரை ஏற்றி மெதுவாகப் பீய்ச்சிக் கழுவ மருத்துவர் கற்றுக்கொடுப்பார். ஈறு மூடிய பின்னும் நாக்கு சில காலம் அந்தப் பள்ளத்தைத் தேடிப் போய்க்கொண்டிருக்கும். அடியில் எலும்பு நிரம்புவதற்கு மாதங்கள் பிடிக்கும். அடுத்த ஆண்டு வேறு எதற்காகவோ எடுக்கும் எக்ஸ்ரேயில் பார்த்தால், பல் இருந்த இடத்தைப் பக்கத்து எலும்பிலிருந்து பிரித்துச் சொல்வது ஏறக்குறைய முடியாததாகியிருக்கும்.